பெரியவர் வருகிறார், எந்த வயலைக் காட்டுவது?

ஊராட்சிச் சாலையின் பள்ளங்களில் அவசரமாகக் கிராவல் கொட்டுகிறார்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தின் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். உதவி வேளாண்மை அலுவலர் காலை ஆறு மணிக்கே கூப்பிட்டு, "அண்ணே, ரோட்டோர வயல்ல களை எடுத்தாச்சா?" என்று கேட்கிறார். இவ்வளவும் ஒரே வாரத்தில் நடந்தால், சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பெரிய அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்று விவசாயிகளுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும்.

துறை இயக்குநர்கள், ஆணையர்கள், வாரியத் தலைவர்கள், மத்திய அரசின் குழுக்கள் என்று பலர் இப்படி வருகிறார்கள். பூச்சி தாக்கினால் வருகிறார்கள். புயல் அடித்தால் வருகிறார்கள். நெல் நனைந்தால் வருகிறார்கள். நிலைமையை நேரில் கண்டறிய வந்ததாகச் சொல்லுகிறார்கள். அரை மணி நேரம் வரப்பில் நிற்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் கண்டதை வைத்து எழுதப்படும் அறிக்கை பல சமயங்களில் உங்கள் நிவாரணத்தையும், களத்தில் கிடக்கும் உங்கள் நெல்லின் கதியையும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்படி வருகிறவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அல்ல. அறையில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டுவதைவிட, செருப்பில் சேறு படிய ஒரு நாள் நடப்பது எவ்வளவோ மேல். ஆனால் அவர்கள் பார்க்கும் வயலைத் தேர்ந்தெடுப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அந்தத் தேர்வைச் செய்து வந்தவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சாக்கோடு நின்ற அம்மாள்

1999-ஆம் ஆண்டு நடந்தது. தென்னையில் ஈரியோபைட் சிலந்தி பரவி, குரும்பைகள் உதிர்ந்தும், காய்கள் பழுப்பேறி வெடித்துச் சிறுத்தும் விவசாயிகள் கலங்கிப் போயிருந்த நேரம். கேரளத்தில் அதற்குச் சற்று முன்புதான் இது கண்டறியப்பட்டிருந்தது; வெகு சீக்கிரத்தில் நமது மேற்கு மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிலந்தி, இளங்காயின் தொப்பிக்கு அடியில் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே மருந்து தெளித்தால் உள்ளே எளிதில் எட்டாது. மரம் ஏறித் தெளிக்க ஆளும் கிடைக்காது.

இதை நேரில் பார்க்க ஓர் அரசு நிறுவனத்தின் தலைவர் வந்தார். நான் அப்போது பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர். எந்தத் தோப்பைக் காட்டுவது என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருந்த ஒரு பன்னிரண்டு ஏக்கர் தோப்பைத் தேர்ந்தெடுத்தேன். கார்கள் நிறுத்த இடம் இருந்தது. மோட்டார் அறை ஓரமாக நல்ல நிழல். தோப்புக்காரர் படித்தவர், விவரமாகப் பேசுவார். வட்டப்பாத்தி கட்டி, தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பொட்டாஷ் எல்லாம் தவறாமல் வைத்து, தண்ணீரும் பாய்ச்சி வந்தார். அங்கேயும் சிலந்தி இருந்தது. ஆனால் மரங்கள் தாங்கிக்கொண்டன.

தலைவர் நாற்பது நிமிடம் இருந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஒரு குலையை இறக்கச் சொல்லி, காயின் தொப்பியைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். நல்ல பராமரிப்பு இருந்தால் சேதம் சமாளிக்கக் கூடியதே என்ற கருத்தோடு கிளம்பினார். அந்தத் தோப்பைப் பொறுத்தவரை அது முழுக்க முழுக்க உண்மை.

அதே ஊரில், மண் பாதையில் ஒன்றரை மைல் உள்ளே, கணவரை இழந்த ஓர் அம்மாளுக்கு இருபத்திரண்டு மரங்கள் இருந்தன. கிணறு வற்றிக் கிடந்தது. மரங்களுக்கு உரம் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பத்துக் காய் பறித்தால் ஆறு காயை வியாபாரி காலால் ஒதுக்கித் தள்ளிவிடுவார். அந்த அம்மாளும் அன்று வந்திருந்தார். உதிர்ந்த குரும்பைகளைப் பழைய உரச்சாக்கில் அள்ளிக்கொண்டு தோப்பு வாசலில் நின்றார். "தம்பி, இதை அந்த ஐயாகிட்ட ஒருக்காக் காட்டோணுமுங்க" என்றார். "கொஞ்சம் இருங்கம்மா, கிளம்பறப்போ காட்டலாம்" என்றேன். கிளம்பும்போது அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்று கார்கள் மறு வாசல் வழியாகப் போய்விட்டன.

அவர் என்னைத் திட்டவில்லை. குரும்பைகளை அங்கேயே கொட்டினார். சாக்கை மட்டும் உதறி, மடித்து, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் பொய்யான எதையும் காட்டவில்லை. தலைவரும் பொய்யான எதையும் எழுதியிருக்க மாட்டார். ஆனால் உரமும் தண்ணீரும் வைத்தால் போதும் என்ற முடிவு, உரத்துக்குக் காசும் கிணற்றில் நீரும் இல்லாத தோப்புகளுக்கு என்ன பயன் தந்தது? அந்தப் பக்கத்தில் பெரிய தோப்புகளைவிட இருபது, முப்பது மரக்காரர்களே அதிகம். ஊரின் நிலையைக் காண வந்தவருக்கு ஊரில் ஆகச் சிறந்த தோப்பை நான் காட்டிவிட்டேன். காரணம் கெட்ட எண்ணம் அல்ல. கார் நிறுத்த இடம் இருந்ததுதான் காரணம்.

தார்ச்சாலையும் தொடர்பு விவசாயியும்

இராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1970-களில் நமது வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவர். 1983-இல் வெளியான தமது நூலில் இந்த மாதிரி வருகைகளைக் கிராம முன்னேற்றச் சுற்றுலா என்ற பொருளில் கிண்டலாகவே குறிப்பிட்டார். வெளியிலிருந்து வருகிறவர் தார்ச்சாலை ஓரத்தைப் பார்க்கிறார். திட்டம் நடக்கும் ஊரைப் பார்க்கிறார். ஆண்களை, வசதியுள்ளவர்களை, பேசத் தெரிந்தவர்களைச் சந்திக்கிறார். மழையும் சேறும் பற்றாக்குறையும் நிறைந்த மாதங்களை விட்டுவிட்டு, பாதை காய்ந்த பிறகு வருகிறார் என்று அவர் எழுதினார். இதைப் படித்தபோது யாரோ என் நாட்குறிப்பைத் திருடிப் படித்துவிட்டது போல எனக்கு இருந்தது.

1980-களில் உலக வங்கி உதவியுடன் நமது மாநிலத்தில் பயிற்சியும் பார்வையிடலும் என்ற விரிவாக்க முறை நடந்தது மூத்த விவசாயிகளுக்கு நினைவிருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, குறித்த கிழமையில், கிராம அளவிலான அலுவலர் வந்து தொடர்பு விவசாயிகளைச் சந்திப்பார். நாள் தெரிந்திருந்ததால் மற்றவர்களும் வந்து கேட்க முடிந்தது. அது அந்த முறையின் நல்ல அம்சம். ஆனால் தொடர்பு விவசாயியாகப் பெரும்பாலும் அமைந்தவர் யார்? பம்புசெட் வைத்திருந்தவர், திண்ணை உள்ள வீட்டுக்காரர். அந்த முறை போய்விட்டது. அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பெரியவர் வருகிறார் என்றால் எங்கள் கை தானாகவே பழைய நான்கு பெயர்களுக்குத்தான் போகிறது. அந்த நால்வரும் பேசிப் பேசித் தேர்ந்துவிட்டார்கள். அதிகாரி எதைக் கேட்க விரும்புவார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

ஓராண்டு சுற்றியவர்

நன்றாக நடந்த வருகைக்கும் நமது நாட்டில் முன்னுதாரணம் உண்டு. 1889-ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் அரசு டாக்டர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் ரசாயன நிபுணரை இந்தியாவுக்கு அனுப்பியது. இந்திய விவசாயத்தை எப்படிச் சீர்திருத்தலாம் என்று கண்டு சொல்வது அவர் வேலை. நமது உழவர்கள் பழைய முறையில் ஊறிப்போனவர்கள், ஒன்றும் தெரியாதவர்கள் என்ற அபிப்பிராயம் இங்கிலாந்தில் பரவியிருந்த காலம் அது.

அவர் ஓராண்டுக்கும் மேலாக நாட்டைச் சுற்றினார். இரண்டு போகத்தையும் பார்த்தார். 1893-இல் வெளியான அவரது அறிக்கை, அந்த அபிப்பிராயம் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னது. நல்ல இந்திய விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர், சில விஷயங்களில் மேலானவர் என்று எழுதினார். மகசூல் குறைவாக உள்ள இடங்களில் குறை தண்ணீரிலும் எருவிலும் இருக்கிறது, உழவரின் அறிவில் இல்லை என்றார். சாணம் விஷயத்தில் அவர் செய்ததைத்தான் நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். சாணத்தை வயலுக்கு இடாமல் வறட்டி தட்டி எரிக்கிறார்களே, என்ன அறியாமை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏன் எரிக்கிறார்கள் என்று பார்த்தார். விறகு கிடைக்கும் இடங்களில் சாணம் வயலுக்குப் போகிறது, கிடைக்காத இடங்களில் அடுப்புக்குப் போகிறது என்று கண்டார். ஆகவே அவரது சிபாரிசு விவசாயிக்குப் புத்தி சொல்வதாக இல்லை. விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளருங்கள் என்று அரசாங்கத்துக்குச் சொல்வதாக இருந்தது.

ஒரு வெள்ளைக்காரரின் நற்சான்று நமக்கு இப்போது தேவையில்லைதான். அவர் பார்த்த விதம் தேவை. பருவம் பார்த்து வருவதும் அப்படித்தான். நார்மன் போர்லாக் 1963-இல் எம்.எஸ். சுவாமிநாதனோடு வட இந்தியக் கோதுமை வயல்களைச் சுற்றியது மார்ச் மாதத்தில், கதிர் வயலில் நின்றபோது. அறுத்த தாளைப் பார்த்துக் குட்டை ரகம் இங்கே தேறுமா என்று சொல்லியிருக்க முடியாது.

ஈர நெல்லும் காய்ந்த களமும்

இனி நெல்லுக்கு வருகிறேன். டெல்டா விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்தார்க்காகச் சொல்லுகிறேன். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் பல ஆண்டுகளில் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்கின்றன. அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் ஈரப்பதம் 20 முதல் 24 சதவிகிதம் வரை இருப்பது சாதாரணம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அனுமதிக்கப்படும் அளவு 17 சதவிகிதம்.

இந்த எல்லை காரணமில்லாமல் வைக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும், பூசணம் பிடிக்கும், அரைத்தால் நொய் விழும். எடைக் கணக்கும் உண்டு. 22 சதவிகித ஈரத்தில் 100 கிலோவாக இருக்கும் நெல், 17-க்குக் காயும்போது 94 கிலோவாகிவிடும். அந்த ஆறு கிலோ தண்ணீருக்கு யார் பணம் தருவது என்று அரசு கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு நாள் அடைமழையில், காயவைக்க ரோட்டைத் தவிர வேறு இடம் இல்லாத ஒரு மூன்று மா குத்தகைக்காரர் அந்தத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் வற்ற வைப்பார்? இதுவும் நியாயமான கேள்விதான்.

ஆகவே மழை மிகுந்த ஆண்டுகளில் மாநில அரசு தளர்வு கேட்கிறது. மத்திய அரசு, உணவுத் துறையின் தரக்கட்டுப்பாட்டு அலுவலர்கள் கொண்ட குழுவை அனுப்புகிறது. குழு மாவட்டம் மாவட்டமாகச் சென்று மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. பிறகு உத்தரவு வருகிறது. 2022 அக்டோபரில் 19 சதவிகிதம் வரை தளர்வு கிடைத்தது. 2023 பிப்ரவரியில், பருவம் தவறிய மழைக்குப் பிறகு, 20 வரை கிடைத்தது. 2025 அக்டோபரில் மாநில அரசு 22 வரை கேட்டது. குழுக்கள் வந்தன, மாதிரி எடுத்தன. நவம்பரில் மறுப்பு வந்தது.

எண் 19-ஆ 22-ஆ என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. குழு வந்து நிற்கும்போது களத்தில் இருப்பது எந்த நெல் என்பதைப் பாருங்கள். மழை கொட்டிய இரவில் 23, 24 என்று மெஷின் காட்டிய நெல்லில் ஒரு பகுதி, மறுநாளே கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் போய்விட்டது. ஒரு பகுதி முளைத்து, மாட்டுக்குக்கூட ஆகாமல் வரப்பில் கொட்டப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது, வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து ஐந்து நாள் புரட்டிப் புரட்டி, படுதா போட்டு மூடித் திறந்து, வெயில் கண்ட நேரத்தில் காயவைத்துக் காப்பாற்றிய நெல். குழுவின் பைக்குள் போவது இந்தத் தப்பிப் பிழைத்த நெல். அதன் ஈரப்பதம் குறைவாக இருப்பதில் என்ன அதிசயம்? பரிசோதனைக் கூடம் சரியாகவே சொல்லும். கேட்கப்பட்ட கேள்விக்கு அது விடையல்ல, அவ்வளவுதான்.

ஒரு முறை டெல்டாவில் ஒரு கொள்முதல் நிலையத்தில் இப்படி ஒரு குழு வந்தபோது நானும் ஓரமாக நின்றிருந்தேன். வெயில் நன்றாக அடித்தது. மாதிரி எடுத்து முடித்துக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெரியவர், "ஐயா, நீங்க முந்தாநேத்து ராத்திரி வந்திருக்கணும்" என்றார். அதிகாரி நின்றார். "அப்போது எவ்வளவு இருந்தது, பெரியவரே?" என்று கேட்டார். "மெஷின் இருபத்திமூணு காட்டுச்சுங்க" என்றார். "எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். பெரியவர் நிலைய எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் என்னைப் பார்த்தார். வாங்கிய நெல்லின் ஈரப்பதம் பதிவேட்டில் இருந்தது. திருப்பி அனுப்பிய நெல்லின் ஈரப்பதத்தை யாரும் எழுதவில்லை.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டாரே, அதுவே பெரிது.

வருகிறவர்கள் செய்ய வேண்டியது

இந்தச் சம்பவத்திலிருந்தே என் முதல் யோசனை வருகிறது. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் திருப்பி அனுப்பப்படும் நெல்லின் ஈரப்பதத்தையும், தேதி, நேரத்தோடு தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். விவசாயி கையெழுத்துப் போட வேண்டும். குழு வந்தால் அன்றைய மாதிரியோடு அந்தப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் தவிர இதற்குச் செலவு இல்லை. தளர்வு கொடுக்க மனமில்லாத அரசுக்கும் இது நல்லதே. பொய்யான முறையீடு இருந்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, வயலைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னைப் போன்றவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயலை எப்படிப் பொறுக்குகிறோம்? அடங்கலிலிருந்து முறைப்படி, யார் முகமும் பாராமல் பொறுக்குகிறோம். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஒரு துறைத் தலைவர் நேரில் பார்க்கும் வயலுக்கு மட்டும் ஏன் அந்த முறை வேண்டாம்? காலையில் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டை வாங்கி, மூன்று சர்வே எண்களுக்குச் சீட்டுப் போட்டு எடுத்தால் போதும். பாதை இல்லாத வயல் வந்தால் நடந்து போகட்டும். பாதை இல்லை என்பதும் அவர்கள் கண்டறிய வேண்டிய செய்திதானே?

நிகழ்ச்சி நிரலில் கடைசி ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுவதும் நல்லது. சாக்கோடு வாசலில் நிற்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம். அப்போது உள்ளூர் அலுவலர்கள் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். உரம் நேரத்துக்கு வரவில்லை என்று உரம் கொடுப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் சொல்லுவார்கள்?

நாற்று நடுபவர்களும் களை எடுப்பவர்களும் பெண்கள். புகையான் எந்த மூலையில் முதலில் பிடித்தது என்று அவர்களுக்குத் தெரியும். வரப்பில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணையாவது கேள்வி கேட்ட அதிகாரி என் அனுபவத்தில் மிகச் சிலரே.

நாம் செய்ய வேண்டியது

அதிகாரிகள் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவரிடம் கேட்ட கேள்வி நாளை உங்களிடமும் கேட்கப்படும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். விதைத்த நாள், ரகம், விதை வாங்கிய ரசீது, இட்ட உரம், மழை பெய்த நாட்கள், பூச்சி கண்ட நாள், தெளித்த மருந்து, அறுத்த நாள், மெஷின் காட்டிய ஈரப்பதம் ஆகியவற்றை எழுதுங்கள். விதைப் பையில் உள்ள சான்று அட்டையைக் கிழித்து எறியாமல் அந்த நோட்டில் செருகி வையுங்கள். முளைப்பு சரியில்லை என்று பிறகு சொல்லும்போது, அட்டை இல்லாமல் யாரும் ஒன்றும் செய்ய இயலாது.

சேதத்தைச் சொல்லும்போது "எல்லாம் போச்சுங்க" என்று சொல்லாதீர்கள். உண்மையிலேயே எல்லாம் போயிருந்தாலும் அந்தச் சொல்லை அதிகாரிகள் ஆயிரம் முறை கேட்டுவிட்டார்கள், காதில் ஏறுவதில்லை. வயலில் குறுக்காக நடந்து, ஐந்து இடங்களில் இருபது குத்து வீதம் நூறு குத்துகளைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்று என்றே சொல்லுங்கள். மகசூல் இழப்பும் அதுவும் ஒன்றல்ல என்றாலும், எண்ணிப் பார்த்தவர் என்று தெரிந்தால் அதிகாரி அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார். பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே இடுபொருள் உதவி உண்டு. 2015-க்கு முன் இது 50 சதவிகிதமாக இருந்தது. முப்பதா முப்பத்தைந்தா என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இதிலிருந்து தெரியும்.

நோய் கண்ட பயிரைக் காட்டுவதானால் வேரோடு, மண்ணோடு பிடுங்கிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகி, எந்த நோய் என்று எங்களாலேயே சொல்ல முடியாமல் போகும். பாதித்த வயலைத் திரும்ப நட வேண்டிய அவசரம் இருந்தால், ஒரு ஓரமாவது கணக்கெடுப்பு முடியும் வரை விட்டு வையுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும்போது பக்கத்து மரமோ, கிணறோ, மின்கம்பமோ தெரியும்படி எடுங்கள். வெறும் நெற்பயிர் படத்தைப் பார்த்து யார் வயல் என்று யார் சொல்ல முடியும்?

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் குழுவின் வருகைக்காகக் காத்திருக்கவே கூடாது. அறுத்துக் காயப்போட்ட பயிர் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மந்திரி வருகிறார், இயக்குநர் வருகிறார் என்று நான்காம் நாள் வரை இருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக்காரர்களின் சங்கடம் தனி. பெயர் அடங்கலில் இல்லை. வாயால் பேசிய குத்தகை. நிவாரணம் நிலக்காரர் கணக்குக்குப் போகிறது. வருகிறவரிடம் இதைச் சொன்னால் நிலக்காரருக்கு மனவருத்தம் வரும் என்ற பயம் நியாயமானது. நான் தைரியமாகச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அடுத்த ஆண்டு நிலம் இல்லாமல் நிற்கப்போவது நான் அல்ல. பத்துப் பேராகச் சேர்ந்து, யார் பெயரும் குறிப்பிடாமல், இந்த ஊரில் இத்தனை ஏக்கர் வாய்மொழிக் குத்தகையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கலாம்.

சால்வைக்குச் செலவிட வேண்டாம். ஒரு வருகையில் ஒரே பிரச்சினையைப் பேசுங்கள். கால்வாய், கடன், மின்சாரம், பன்றித் தொல்லை என்று பத்தையும் ஒரே மனுவில் அடுக்கினால் பத்தும் கோப்பில் தூங்கும்.

வந்து போனவர் என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும். இன்ன தேதியில் எங்கள் ஊருக்கு வந்த குழுவின் அறிக்கை நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அறிக்கை கிடைத்தால் கிராம சபையில் வாசியுங்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பது உங்கள் ஊர்தானா என்று அப்போது தெரிந்துவிடும்.

இந்தப் பருவத்தில் எங்கள் நிலையத்துக்கு ஒரு குழு வரவிருக்கிறது. நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு மறுபடியும் என்னுடையது. மாலை நான்கு முதல் ஐந்து வரை எதுவும் எழுதாமல் விட்டு அனுப்பினேன். அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதியிருக்கிறேன். மூன்று சர்வே எண்களுக்குச் சீட்டுப் போடக் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.